ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்காதீர்கள்

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு விமானம் விடும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

உங்களில் ஒரு நிறுவனத்துக்கு நான் அனுப்பிய புகாருக்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. இருக்கையைச் சாய்ப்பது பயணியின் விருப்பம், சக பயணிகளோடு அனுசரித்துப் பயணிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவது வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. ஒருவரைத் திட்டிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

நான் தையல்காரன். ஊர் அறந்தாங்கிப் பக்கம், வேலை துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில், 19 வருஷமாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். வழக்கமாகத் திருச்சியில்தான் ஏறுவேன். அந்தத் தடவை டிக்கெட் விலையைப் பார்த்துச் சென்னையிலிருந்து துபாய்க்குப் போட்டேன். முதல் நாள் இரவு அறந்தாங்கியில் பஸ் ஏறி, விடியற்காலையில் இறங்கி, அப்படியே விமான நிலையம். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. விமானம் மேலே ஏறி சீட் பெல்ட் விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் கைப்பிடியில் இருக்கிற பொத்தானை அமுக்கி, முதுகைப் பின்னால் தள்ளினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

பின்னால் "ஐயோ" என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் அறுபது, அறுபத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா. உங்கள் ஆட்கள் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து விற்கிற, சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைக்கும் உப்புமா கப் ஒன்றை அப்போதுதான் வாங்கித் தட்டுமேல் வைத்திருக்கிறார். என் சீட்டின் முதுகு போய் அந்தக் கப்பைத் தள்ள, அது அவர் மடியில் கவிழ்ந்துவிட்டது. பச்சைக் கலர் சின்னாளப்பட்டிச் சேலை, தொடைமேல் ஈரம், அதிலிருந்து ஆவி வருகிறது. அவரால் எழுந்து நிற்கவும் முடியவில்லை, முன்னால் என் சீட், மேலே மடக்க முடியாத தட்டு, பக்கத்தில் ஒரு ஆள் தூங்குகிறார். சேலையை உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பணிப்பெண் ஓடிவந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலும் துணியும் கொடுத்தார். நல்ல பெண், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. "மன்னிச்சிருங்கம்மா, பாக்காம சாச்சிட்டேன்" என்று நான் சொன்னதற்கு அந்த அம்மா, "நீ என்ன வேணும்னா செஞ்ச, விடு தம்பி" என்றார். மகளுக்குப் பேறுகாலமாம், முதல் முறையாக விமானம் ஏறுகிறாராம். கைக்குட்டையால் தொடையை ஒற்றிக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார். இறங்கும்போது அவருடைய பையை எடுத்துக் கொடுத்தேன், கால் கொஞ்சம் தாங்கித்தான் நடந்தார். என்னால் வேறென்ன செய்ய முடியும்.

இது என் தப்பு என்று ஒப்புக்கொண்டுதான் உங்களுக்கு எழுதினேன். என் தப்பு எங்கே முடிகிறது, உங்கள் தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றுதான் கேட்டேன். அதற்குத்தான் அனுசரித்துப் போங்கள் என்று பதில்.

சரி, அளந்து பேசுவோம். அதுதான் என் தொழில். சட்டைப் பையில் டேப் எப்போதும் இருக்கும். மிச்சம் இருந்த நேரம் முழுக்க நான் சீட்டைச் சாய்க்கவே இல்லை, ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் சாய்த்திருந்தார், அவர் ஒருமுறை எழுந்து போனபோது சீட்டை நிமிர்த்தியும் சாய்த்தும் அளந்து பார்த்தேன். என் சீட்டின் முதுகிலிருந்து முன்சீட்டின் முதுகு வரைக்கும், முட்டி உயரத்தில், 26 இன்ச். முன்சீட் சாய்ந்தால் அது 25. முகத்துக்கு நேராக அளந்தால் சாய்வதில் 4 இன்ச் போய்விடுகிறது. சீட் அடியில் அச்சு வைத்துத் திரும்புகிறது, அதனால் கீழே கொஞ்சம்தான் நகரும், மேலே அதிகம் நகரும். சாய்க்கிறவருக்கு இது தெரியாது, அவர் முதுகுக்கு ஏதோ லேசாகப் பின்னால் போன மாதிரிதான் இருக்கும். பின்னால் இருப்பவருக்கு ஒரு சுவர் முகத்துக்கு நேராக வருகிறது.

உட்கார்ந்த நிலையில் பின்பக்கத்திலிருந்து முட்டி நுனி வரை எனக்கு 23½ இன்ச். நான் நடுத்தர உயரம். கொஞ்சம் உயரமான ஆளுக்கு 25 சாதாரணமாக வரும், நானே எத்தனையோ பேருக்குப் பேன்ட் தைத்திருக்கிறேன். உடம்பு அளவு எடுத்துவிட்டு அதே அளவில் துணியை வெட்டினால் சட்டையைப் போடவே முடியாது, லூஸ் விட்டுத்தான் வெட்டணும், கையைத் தூக்க, மூச்சு விட, குனிய. நீங்கள் லூஸே விடாமல் வெட்டியிருக்கிறீர்கள், அப்புறம் அதிலும் ஒரு இன்ச்சை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து, வேண்டும்போது எடுத்துக்கொள் என்கிறீர்கள்.

பிட்ச் என்று நீங்கள் சொல்கிற அளவு இன்னொரு குழப்பம். 29 இன்ச் பிட்ச் என்றால் காலுக்கு 29 இன்ச் இருக்கிறது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன்சீட்டின் அதே புள்ளி வரைக்கும் உள்ள தூரம் அது, சீட்டின் கனமும் அதற்குள்தான். தையலுக்குள் மடிந்து போகிற துணியையும் சேர்த்துச் சட்டை அளவு சொல்வது போல. ஒரு காலத்தில் சாதாரண வகுப்பிலேயே 34, 35 இன்ச் இருந்திருக்கிறது. இப்போது மலிவுக் கட்டண விமானங்களில் 28, 29. நடுவில் போன அந்த 6 இன்ச்சைச் சேர்த்துச் சேர்த்துத்தான் கூடுதல் வரிசைகள் போட்டீர்கள். டிக்கெட் விலை குறைந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை, என்னைப் போன்ற ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வர முடிவதே அதனால்தான். ஆனால் இடத்தைக் குறைத்தபோது சாய்க்கிற பொத்தானைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. 34 இன்ச்சில் சாய்த்தால் யாருக்கும் தெரியாது. 28 இன்ச்சில் சாய்த்தால் அது இன்னொருத்தர் வீட்டுக்குள் போவது.

எங்கள் பக்கத்தில் ஒரே மனையை இரண்டு பேருக்குப் பத்திரம் போட்டுக் கொடுத்து ஏமாற்றுவார்கள். வாங்கின இரண்டு பேரும் கல் ஊன்ற வந்து அங்கே நின்று அடித்துக்கொள்வார்கள், இரண்டு பேர் கையிலும் பத்திரம் இருக்கும், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். விற்றவர் அந்த இடத்திலேயே இருக்க மாட்டார். நீங்கள் செய்வது அதுதான் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். முன்னால் இருப்பவருக்குப் பொத்தான் கொடுத்து அந்த இடத்தை விற்றீர்கள். பின்னால் இருப்பவருக்குத் தட்டும் கால் வைக்கிற இடமும் என்று சொல்லி அதே இடத்தை விற்றீர்கள். சண்டை வந்தால் அனுசரித்துப் போங்கள் என்கிறீர்கள்.

இது நம் ஊர்ச் சண்டை மட்டும் இல்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து டென்வருக்குப் போன விமானத்தில் ஒருவர், முன்சீட் சாயாமல் இருக்கத் தட்டின் கையில் மாட்டுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் சாதனத்தை மாட்டிவிட்டார். முன்னால் இருந்த பெண் சண்டை போட்டு அவர்மேல் தண்ணீரை ஊற்ற, விமானத்தைச் சிகாகோவில் இறக்கி இரண்டு பேரையும் இறக்கிவிட்டார்கள். 2020-ல் இன்னொரு விமானத்தில், சாய்த்த ஒரு பெண்ணின் சீட்டைப் பின்னால் இருந்தவர் குத்திக்கொண்டே வந்த வீடியோவை உலகமே பார்த்தது. அப்போது டெல்டா என்கிற அமெரிக்க விமான நிறுவனத்தின் தலைவர் எட் பாஸ்டியனிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். சாய்க்கும் உரிமை பயணிக்கு உண்டு, ஆனால் பின்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாய்ப்பதுதான் முறை என்றார். ஒரு நிறுவனத்தின் தலைவரே வாயைத் திறந்து அதைச் சொல்ல முடிந்திருக்கிறது. உங்களில் யாரும் இதுவரை சொல்லி நான் கேட்டதில்லை.

கேட்டுவிட்டுச் சாய்ப்பது எங்களுக்குத் தெரியாத பழக்கமும் இல்லை. அந்தப் பயணத்துக்கு முதல் நாள் இரவு, அறந்தாங்கி பஸ்ஸில், புஷ்பேக் சீட்டை நான் முழுசாகச் சாய்த்திருந்தேன். புதுக்கோட்டை தாண்டியதும் பின்னால் இருந்து ஒரு பெரியவர் தோளைத் தொட்டு, "தம்பி, சீட்டைக் கொஞ்சம் தூக்கிக்க, காலு மாட்டுது" என்றார். தூக்கினேன். பாதி தூக்கினதும் "போதும் போதும், நீயும் தூங்கணும்ல" என்றார். அவ்வளவுதான் விஷயம், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு மணி நேரம் கழித்து, விமானத்தில், அதே நான், ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு அம்மாவின் மடியில் சுடுதண்ணீரைக் கொட்டினேன்.

ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். விமானத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன மொழி தெரியும் என்று தெரியாது, பின்னால் இருப்பவர் மலையாளியா, வங்காளியா, பாகிஸ்தானியா தெரியாது. லேபர் கேம்ப் ஆள் என்று தெரிந்தால் சிலர் பார்க்கிற பார்வை வேறு. எங்களுக்குள் ஒரு பயமும் உண்டு, குரல் கொஞ்சம் உயர்ந்தாலே பிரச்சினை செய்கிற ஆள் என்று எழுதிவிடுவார்கள் என்று. அந்தப் பயம் சும்மா வந்தது இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, விமானத்துக்குள் வாய்த் தகராறு செய்தாலே 3 மாதம் வரை பறக்கத் தடை போடலாம். கை வைத்தால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி நடந்தால் குறைந்தது 2 வருஷம். விடுமுறை முடிந்து குறிப்பிட்ட தேதிக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடுகிற ஒருவனுக்கு 3 மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் முட்டி வலித்தாலும் வாயை மூடிக்கொண்டு வருகிறோம். அதைப் பார்த்துவிட்டு, புகார் ஒன்றும் இல்லையே, எல்லாரும் அனுசரித்துத்தானே போகிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள்.

சண்டை போடுகிறவருக்குத் தண்டனை என்ன என்று நிலை நிலையாக எழுதி வைத்திருக்கிறார்கள், அது வேண்டும்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சண்டையை உண்டாக்குகிற இடைவெளி எவ்வளவு என்று என் டிக்கெட்டில் ஒரு எண் இல்லை. இரண்டு பெட்டி எத்தனை கிலோ என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறது. ஒரு கிலோ கூடினால் கவுண்டரில் காசு கேட்கிறீர்கள். பெட்டிக்கு இருக்கிற அளவு ஆளுக்கு இல்லை.

மற்ற நாடுகளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பிரிட்டனில் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே, சீட்டின் முதுகிலிருந்து முன்சீட் வரை குறைந்தது 26 இன்ச் இருக்க வேண்டும் என்று விதி போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் 2018-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, ஒரு வருஷத்துக்குள் குறைந்தபட்ச அளவை முடிவு செய்யச் சொன்னது. கெடு தாண்டியது, 2022-ல்தான் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், 26,000 பேருக்கு மேல் எழுதினார்கள். அதற்கு முன்னால் ஆபத்துக் காலத்தில் எவ்வளவு வேகமாக வெளியேற முடிகிறது என்று 775 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள், அந்த 775 பேரில் 60 வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர்கூட இல்லை. பேறுகாலத்துக்குப் போகிற அந்த அம்மா எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனபோது, காசு கொடுக்காமல் கிடைத்த சீட் கடைசி வரிசை. அந்த சீட் சாயாது, பின்னால் சுவர். அவசர வழிக்கு முன்னால் இருக்கிற வரிசையும் பல விமானங்களில் சாயாது, வழி அடைபடக் கூடாது என்பதற்காக. காரணம் நியாயமானது. ஆனால் கடைசி வரிசைக்கு முன்னால் இருக்கிற சீட் சாயும். அதாவது அந்த வரிசையில் உட்காருகிறவர் மற்றவர் சாய்வதை வாங்கிக்கொள்ளவேண்டும், தான் சாய முடியாது. நாலு மணி நேரத்துக்கு மேல் அவள் பலகை மாதிரி நிமிர்ந்தே வந்தாள், தட்டில் தலை வைத்துத் தூங்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. சீட் தேர்வு செய்கிற பக்கத்தில் அது சாயாது என்று ஒரு வார்த்தை இல்லை. ஜன்னல் சீட்டுக்கு இவ்வளவு, முன்வரிசைக்கு இவ்வளவு என்று காசு மட்டும் தெளிவாக இருந்தது.

பயணிகள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் வாதாட வரவில்லை. விளக்கு அணைவதற்கு முன்பே முழுக்கச் சாய்த்துவிட்டு, சாப்பாடு வந்தாலும் நிமிர்த்தாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் இருந்துகொண்டு வேண்டுமென்றே முட்டியால் இடிக்கிறவர்கள், எழும்போது முன்சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து இழுத்துத் தூங்குகிறவரை எழுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அறையில் இருக்கிற பையன்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: சாய்க்குமுன் திரும்பிப் பார், தட்டு திறந்திருந்தால் சாய்க்காதே, மெதுவாகத் தள்ளு, குழந்தையோ வயதானவரோ இருந்தால் பாதியோடு நிறுத்து, இரவு விளக்கு மங்கினபிறகு எல்லாரும் சாய்க்கட்டும். ஆறு பேர் அறையில் இதைச் சொல்லலாம். ஒரு விமானத்தில் இருக்கிற 180 பேருக்கும் சொல்ல மைக் உங்களிடம்தான் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இவைதான்.

முதலில், ஒவ்வொரு பயணத்திலும் சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும், சாய்க்குமுன் பின்னால் பாருங்கள், தட்டில் உணவு இருந்தால் சாய்க்காதீர்கள் என்று அறிவியுங்கள். சென்னை, திருச்சி விமானங்களில் அதைத் தமிழிலும் சொல்லுங்கள். கப்பல் மாதிரி பெரிய விமானங்களில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டு, அப்போது பணியாளர்கள் வந்து நிமிர்த்தச் சொல்வார்கள். உங்கள் விமானங்களில் வண்டி தள்ளிக்கொண்டு விற்பனை நடப்பதால் அந்த நேரமே இல்லை, ஆளுக்கொரு நேரம் சாப்பிடுகிறார். அப்படியென்றால் சுடுதண்ணீர் ஊற்றிய எதையும் ஒருவர் தட்டில் வைக்குமுன், முன்சீட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி சீட்டை நிமிர்த்த வைப்பது விற்கிறவரின் வேலையாக இருக்கட்டும். அரை நிமிஷ வேலை.

அடுத்து, தகராறு வந்தால் பணியாளர் எதை வைத்துத் தீர்க்க வேண்டும் என்று ஒரு விதியை எழுதி வெளியிடுங்கள். பகல் பயணத்தில் பாதிக்கு மேல் சாய்க்கக் கூடாது என்று வேண்டுமானால் வையுங்கள், அல்லது பின்னால் இருப்பவர் கேட்டால் நிமிர்த்தவேண்டும் என்று வையுங்கள். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். பணிப்பெண்ணை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் கெஞ்ச வைக்காதீர்கள்.

சாயாத சீட் எது என்று முன்பதிவுப் பக்கத்திலேயே காட்டுங்கள். முட்டி இருக்கும் இடத்தில் எத்தனை இன்ச் இருக்கிறது, முன்சீட் சாய்ந்தால் எத்தனை இன்ச் மிஞ்சும் என்று இரண்டு எண்ணையும் டிக்கெட்டில் போடுங்கள், பெட்டி எடைக்குப் பக்கத்தில். 60 வயது தாண்டியவர்களுக்கும் முட்டி அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், இடம் இருக்கும் பட்சத்தில், கால் நீட்டுகிற வரிசையைக் கூடுதல் காசு இல்லாமல் கொடுங்கள். புது விமானம் வாங்கும்போது, 30 இன்ச்சுக்குக் குறைவாக வரிசை போடுவதென்றால் சீட் சாய்வதை நிறுத்திவிடுங்கள், கொஞ்சம் சாய்ந்த நிலையிலேயே நிலையாக இருக்கிற சீட் போடுங்கள். நான் தூங்க ஆசைப்படுகிறவன்தான், இருந்தாலும் அதற்கு ஒத்துக்கொள்வேன்.

இந்த மடலின் நகலை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும் அனுப்புகிறேன். பயணியின் முட்டிக்குக் குறைந்தபட்சம் எத்தனை இன்ச் என்று ஒரு எண்ணை, சாய்ந்த நிலையில் அளந்து, அறிவிக்குமாறு அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது, மேலே கேட்டதில் எது முடியும், எது முடியாது, முடியாததற்குக் காரணம் என்ன என்ற பதில். தமிழில் எழுதினால் போதும். தீபாவளிக்கு மறுபடி ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், நடு சீட், டேப்பும் கூடவே வரும். அதற்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அஜ்மானிலிருந்து ஒரு தையல்காரன்